ஏற்காட்டுத் தங்குமிடத் தளத்துக்கு எந்தக் குக்கி முறை? நான்கு வழிகளின் ஒப்பீடு

மே மாதம், கோடை விழா நேரம். சேலத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவர் கைபேசியில் ஏற்காட்டுத் தங்குமிடம் ஒன்றின் தளத்தைத் திறக்கிறார். தேதி, ஆள் கணக்கு, அறை எல்லாம் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. பெயர் நிரப்பும் பக்கம் வருவதற்குள் பேருந்து அடிவாரத்தைத் தாண்டிவிடுகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சிக்னல் வரும், போகும். மேலே போய்ச் சேர்ந்து பக்கத்தை மறுபடி திறந்தால் அவர் எடுத்து வைத்த அறை அப்படியே இருக்க வேண்டும்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் சர்வருக்குப் புது ஆள்தான். இந்தக் குறையைத் தீர்க்க 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி உருவாக்கியதுதான் குக்கி: சர்வர் கொடுக்க, பிரவுசர் வைத்திருந்து அடுத்தடுத்த கோரிக்கையோடு திருப்பித் தரும் சிறு எழுத்துத் துணுக்கு. இன்றைக்கு அது எப்படி நடக்க வேண்டும் என்பதை 2011ல் வெளியான ஆர்எஃப்சி 6265 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. முப்பது வருடம் ஆகியும், சின்னத் தளம் கட்டுகிறவர்கள் தடுமாறும் கேள்வி மாறவில்லை: குக்கிக்குள் எதை வைப்பது, சர்வரில் எதை வைப்பது?

வழிகள் நான்கு. எல்லாவற்றையும் குக்கியிலேயே எழுதிவிடலாம். எழுதியதற்குக் கையொப்பம் சேர்த்து அனுப்பலாம். குக்கியில் ஓர் எண்ணை மட்டும் வைத்து, விவரத்தைச் சர்வரில் வைக்கலாம். குக்கியே வேண்டாமென்று பிரவுசரின் உள்சேமிப்பில் டோக்கன் வைக்கலாம். தங்குமிடத்துக்கு எங்கள் தேர்வு மூன்றாவது. சர்வரில் வைப்பதற்கு எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும். ஏன் என்பதையும், எங்கே அது தேவையில்லை என்பதையும் கீழே பார்க்கலாம்.

ஹெடர் (கோரிக்கைக்கும் பதிலுக்கும் முன்னால் போகும் தகவல் வரி) பெயர்களையும் குக்கிப் பெயர்களையும் பாதைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோடில் (நிரலில்) அவை ஆங்கில எழுத்திலேயே வரவேண்டும்.

போவதும் வருவதும்

சர்வர் பதில் அனுப்பும்போது இப்படி ஒரு வரியைச் சேர்க்கிறது:

செட்-குக்கி: செஷன்=7419; மேக்ஸ்-ஏஜ்=1800; பாத்=/; எச்டிடிபிஒன்லி; செக்யூர்; சேம்சைட்=லாக்ஸ்

அடுத்த கோரிக்கையில் பிரவுசர் திருப்பித் தருவது இவ்வளவுதான்:

குக்கி: செஷன்=7419

எத்தனை நொடி செல்லும், எந்தப் பாதைக்கு உரியது, செக்யூரா (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் போக வேண்டியதா) இல்லையா என்ற எதுவும் திரும்பி வராது. அவை பிரவுசருக்குச் சொன்ன உத்தரவுகள். "குக்கி எப்போது காலாவதியாகும் என்று சர்வரில் படிக்க முடியவில்லையே" என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அது வராது. காலக்கெடு சர்வருக்கும் தெரிய வேண்டுமென்றால் சர்வரே தனியாகக் குறித்து வைக்க வேண்டும்.

அனுப்பும்போது ஒரு குக்கிக்கு ஒரு செட்-குக்கி வரி. திரும்பும்போது எல்லாக் குக்கிகளும் ஒரே வரியில், அரைப்புள்ளியும் ஒரு இடைவெளியுமாகப் பிரிந்து வரும். ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுத உதவும் நோட் ஜேஎஸ்ஸின் எச்டிடிபி தொகுதியில் செட்ஹெடரை இரண்டு முறை அழைத்தால் இரண்டாவது குக்கி முதல் குக்கியை அழித்துவிடும். இரண்டையும் ஒரே பட்டியலாகக் கொடுக்க வேண்டும். பைத்தானின் எச்டிடிபி.சர்வரில் வரிசைதான் முக்கியம்: முதலில் சென்ட்_ரெஸ்பான்ஸ், அப்புறம் சென்ட்_ஹெடர், பிறகு எண்ட்_ஹெடர்ஸ், கடைசியில் பக்கம். எண்ட்_ஹெடர்ஸுக்குப் பிறகு குக்கியைச் சேர்த்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, குக்கி மட்டும் போகாது. இதிலேயே ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

படிக்கும்போது பைத்தானின் சிம்பிள்குக்கியை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதே தளத்தில் வேறொரு ஸ்கிரிப்ட் மேற்கோள் குறியும் அடைப்புமாக ஜேசனை அப்படியே குக்கியாக வைத்திருந்தால், அதற்குப் பின்னால் வரும் உங்கள் குக்கியும் படிக்கப்படாமல் போகலாம். அரைப்புள்ளியில் பிரித்து, முதல் சமக்குறியில் வெட்டி, வேண்டிய பெயரை மட்டும் எடுக்கும் பத்து வரிக் கோடு இதைவிட உறுதியானது. முதல் சமக்குறி என்பது முக்கியம், ஏனென்றால் மதிப்புக்குள்ளும் சமக்குறி வரலாம்.

எல்லாம் குக்கியிலேயே

பார்க்க மிக எளிது. அறை=3; தேதி=மே 18; வாடகை=2800 என்று எழுதி அனுப்பிவிட்டால் சர்வரில் டேட்டாபேஸே வேண்டாம். ஆனால் குக்கி இருப்பது வாடிக்கையாளர் கைபேசியில். பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து 2800ஐ 28 ஆக மாற்றப் பத்து நொடி போதும். வாடகையைக் குக்கியில் இருந்து படித்துக் கட்டணப் பக்கத்துக்கு அனுப்பும் தளம், வாங்க வந்தவர் கையிலேயே பில் புத்தகத்தைக் கொடுத்துவிட்ட கடை. எச்டிடிபிஒன்லி போட்டால் தடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்குத்தான் தடை, கைபேசிக்குச் சொந்தக்காரருக்குத் தடை இல்லை.

இரண்டாவது தடங்கல் தமிழே. குக்கி மதிப்பில் இடைவெளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, இரட்டை மேற்கோள், பின்சாய்வு எதுவும் வரக்கூடாது. ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) வெளியே உள்ள எழுத்தும் கூடாது. அதனால் தமிழ்ப் பெயரைச் சதவீதக்குறி முறையில் மாற்றித்தான் வைக்க வேண்டும். "சேலம்" என்பது யூனிகோடில் 5 குறிகள்: ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி. யூடிஎஃப்-8ல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. சதவீதக்குறி முறையில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரியும், ஆக 45. "செவ்வாய்ப்பேட்டை" 16 குறிகள், குக்கிக்குள் போனால் 144 பைட். ஒரு குக்கிக்குப் பிரவுசர் தரும் இடம் சுமார் 4096 பைட். தமிழில் எழுதிய முகவரி, குறிப்பு, விருந்தினர் பெயர்கள் என்று 450 குறியைத் தாண்டினாலே அது நிறைந்துவிடும். நிறைந்ததும் பிரவுசர் குக்கியை வெட்டிச் சுருக்கிக்கொள்ளாது, மொத்தமாகத் தள்ளிவிடும். சர்வருக்கு ஒரு தகவலும் வராது. ஆங்கிலப் பெயர்களில் சோதித்தபோது ஓடிய தளம், தமிழில் நிரப்புகிற முதல் விருந்தினரிடம் நிற்பது இதனால்தான்.

சுமையும் உண்டு. அறைப் படங்கள் 20 உள்ள பக்கத்தில், 3 கிலோபைட் குக்கி ஒவ்வொரு படக் கோரிக்கையோடும் ஏறிப் போகும். எளிய எச்டிடிபி 1.1 சர்வரில் அது பக்கம் ஒன்றுக்கு 60 கிலோபைட் அப்லோடு. நகரத்தில் தெரியாது. மலையில் ஒற்றைக் கோடு சிக்னலில் இருப்பவருக்குத் தெரியும்.

ஆனாலும் இந்த வழியை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பக்கம் தமிழிலா ஆங்கிலத்திலா, எழுத்துப் பெரிதா சிறிதா, அறிவிப்புப் பட்டையை ஏற்கனவே மூடியாயிற்றா என்பவற்றுக்கு இதுவே சரி. யாராவது மாற்றினால் பாதிப்பு அவருக்கு மட்டும்தான். மொழிக்கு மேக்ஸ்-ஏஜ் 2592000 கொடுங்கள், அது 30 நாள். ஒரு வருடத்துக்கு மேல் கொடுப்பதில் பயனில்லை: குரோம் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. இதையே சர்வரிலிருந்து அனுப்பாமல் பக்கத்து ஸ்கிரிப்டில் எழுதினால் சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். மொழிக் குக்கியைக்கூடச் சர்வரே செட்-குக்கி வழியாக வைப்பது நல்லது.

கையொப்பமிட்ட குக்கி

மதிப்பு அப்படியே வெளியில் தெரியும், கூடவே எச்மேக் ஷா-256 கையொப்பம் ஒன்று ஒட்டியிருக்கும். சர்வரிடம் மட்டும் ஒரு ரகசியச் சாவி, 32 பைட், தற்செயல் எண்களால் ஆனது. மதிப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் ஒட்டாது, சர்வர் குக்கியை ஏற்காது. பைத்தானில் தளம் கட்டும் கருவியான ஃப்ளாஸ்க் தரும் செஷன் (ஒருவரின் வருகை முழுக்கத் தொடரும் நினைவு) இயல்பாகவே கையொப்பமிட்ட குக்கி வகைதான். அதைப் பயன்படுத்துகிற பலருக்கு அது தெரியாமல், ரகசியமாக இருக்கும் என்று நினைத்து உள்ளே தொலைபேசி எண்ணை வைத்துவிடுகிறார்கள். கையொப்பம் மதிப்பை மாற்றவிடாது, அவ்வளவே. படிப்பதை அது தடுக்காது.

செய்யும்போது பிசகும் இடங்கள் நான்கு. குக்கியின் பெயரையும் மதிப்போடு சேர்த்துக் கையொப்பமிட வேண்டும், இல்லையென்றால் ஒரு குக்கிக்கு வாங்கிய கையொப்பத்தை மற்றொன்றில் ஒட்டலாம். ஒப்பிடும்போது இரட்டைச் சமக்குறி போடாமல், பைத்தானின் கம்பேர்_டைஜஸ்ட் போல எப்போதும் ஒரே நேரம் எடுக்கும் செயல்கூறைப் பயன்படுத்த வேண்டும். மதிப்பையும் கையொப்பத்தையும் புள்ளியால் பிரித்தால், வலப்பக்கத்துக் கடைசிப் புள்ளியில் வெட்ட வேண்டும். சாவியைக் கோடுக்குள் எழுதக்கூடாது. கோடு எங்காவது பொதுவில் ஏறினால் சாவியும் கூடவே போய்விடும்.

இந்த முறையின் உண்மையான ஓட்டை வேறு, அதைப் புரிந்துகொள்ளக் கொலுசுப் பட்டறையே நல்ல எடுத்துக்காட்டு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறை இணையத்தில் ஆர்டர் எடுக்கிறது என்று வையுங்கள். காலையில் வெள்ளி விலைக்கு ஏற்பக் கணக்குப் போட்டு, கையொப்பமிட்ட குக்கியில் விலை போகிறது. மாலைக்குள் வெள்ளி ஏறிவிடுகிறது. வாங்குபவர் காலைக் குக்கியை எடுத்து வைத்திருந்து மாலையில் திருப்பி அனுப்பினால் கையொப்பம் சரியாகவே இருக்கும். அதை இட்டது சர்வர்தானே! மேக்ஸ்-ஏஜ் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது பிரவுசருக்கான உத்தரவு, மதிப்பைப் பிரதி எடுத்தவரை அது கட்டாது. எனவே கையொப்பத்துக்கு உள்ளேயே காலாவதி நேரத்தை வைத்து, படிக்கும்போது சர்வர் அதைச் சரிபார்க்க வேண்டும். விலை என்றால் 15 நிமிடம் போதும்.

காலாவதி வைத்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. வெளியேறு பொத்தானை அழுத்தியதும் குக்கி இந்தப் பிரவுசரில் அழியும். பிரதி எடுத்து வைத்தவர் கையில் இருப்பது காலாவதி வரை செல்லும். தங்குமிடத்தில் மேலாளர் லாகினைப் பகிர்ந்துகொண்ட ஊழியர் வேலையை விட்டுப் போகிறார் என்றால், அவர் ஒருவரை மட்டும் வெளியேற்ற வழியில்லை. சாவியையே மாற்றினால் எல்லோரும் வெளியேறுவார்கள்.

எண் மட்டும் குக்கியில், விவரம் சர்வரில்

சேலம் ஜங்ஷனில் வண்டி ஸ்டாண்டில் விட்டுவிட்டு ரயில் ஏறுகிறவர் கையில் இருப்பது ஒரு டோக்கன். வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. டோக்கனைத் திருத்தினால் வண்டி மாறாது, அந்த எண்ணுக்கு வண்டி இல்லை என்பார்கள். செஷன் குக்கி அந்த டோக்கன்தான். வித்தியாசம் ஒன்று உண்டு: ஸ்டாண்டு டோக்கன் 41, 42, 43 என்று வரிசையாகப் போகலாம், செஷன் எண் அப்படிப் போகக்கூடாது. அடுத்தவர் எண்ணை ஊகிக்க முடியாதபடி குறைந்தது 16 பைட் தற்செயல் எண் வேண்டும், மேலே காட்டிய 7419 வெறும் மாதிரி. பதினாறடிமானத்தில் எழுதினால் 32 எழுத்து. பைத்தானில் சீக்ரெட்ஸ் தொகுதி, நோடில் கிரிப்டோ தொகுதியின் ரேண்டம்பைட்ஸ். சாதாரண ரேண்டம் தொகுதி இதற்கு ஆகாது, அதன் அடுத்த எண்ணைக் கணித்துவிட முடியும்.

சர்வரில் எங்கே வைப்பது என்பதில் மறுபடி ஒரு தேர்வு. நினைவகத்தில் ஓர் அகராதியாக வைத்தால் கோடு நான்கு வரி. ஆனால் ஏற்காட்டில் காற்றும் மழையுமாக ஒரு மாலை கரண்ட் போய் வந்தால், அலுவலக அறையில் இருக்கும் சின்னக் கணினி மறுபடி எழும்போது அகராதி காலி. பாதியில் இருந்த பதிவு அத்தனையும் போயிற்று. வாடகைச் சர்வரில் இருந்தாலும், புதுக் கோடு ஏற்றி மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் இதே கதி. சர்வர் நிரலை ஒரே நேரத்தில் இரண்டு செயல்முறைகளாக ஓடவிட்டால் இன்னும் மோசம்: ஒன்று வைத்ததை மற்றது அறியாது, ஒரு பக்கம் திறந்தால் லாகின் இருக்கும், அடுத்ததில் இருக்காது. நோடில் செஷனுக்குப் பயன்படும் எக்ஸ்பிரஸ்-செஷன் தொகுதி இயல்பாகத் தரும் மெமரிஸ்டோர் இந்த வகைதான். நடைமுறைத் தளத்துக்கு அது உகந்ததல்ல என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

பிஎச்பி இதைக் கோப்பில் வைக்கிறது. சேலத்தில் பல சின்னத் தளங்கள் வாடகை ஹோஸ்டிங்கில் பிஎச்பியில் ஓடுவதால் அதன் இரண்டு குணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இயல்பான ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். சும்மா கிடந்த செஷன் அதற்குமேல் எப்போது வேண்டுமானாலும் துடைக்கப்படலாம். அடுத்து, ஒரு கோரிக்கை செஷன் கோப்பைத் திறந்திருக்கும்வரை அதே செஷனின் அடுத்த கோரிக்கை காத்திருக்கும். ஒரு பக்கம் மெதுவாக இருந்தால் அந்த ஆளுக்கு எல்லாப் பக்கமும் மெதுவாகும்.

எங்கள் பரிந்துரையான எஸ்க்யூலைட் ஒரே ஒரு கோப்பு. தனிச் சர்வர் வேண்டாம், கரண்ட் போனாலும் எழுதி முடித்தது நிற்கும். அட்டவணைக்கு நாலு நெடுவரிசை போதும்: எண்ணின் ஷா-256 சுருக்கம் (இதிலிருந்து எண்ணைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது), விவரம், தொடங்கிய நேரம், காலாவதி நேரம். எண்ணை அப்படியே வைக்காமல் சுருக்கத்தை வைப்பதால், பேக்கப் கோப்பு யார் கையிலாவது சிக்கினாலும் அதை வைத்துக்கொண்டு யாரும் உள்ளே நுழைய முடியாது. எஸ்க்யூலைட்டின் வால் முறையை (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதுவது) இயக்கிவிடுங்கள், படிப்பதும் எழுதுவதும் ஒன்றையொன்று தடுக்காது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் "கடைசியாக வந்த நேரம்" எழுத வேண்டாம், 5 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் போதும். காலாவதியானவற்றை மணிக்கு ஒரு தரம் நீக்குங்கள். பதிவு செய்கிறவருக்கு 30 நிமிடம், மேலாளர் லாகினுக்கு 8 மணி நேரம் சரியாக இருக்கும்.

லாகின் வெற்றியானவுடன் பழைய எண்ணை நீக்கிவிட்டுப் புது எண் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். லாகினுக்கு முன்பிருந்த எண்ணை வேறொருவர் திணித்திருந்தால், லாகினுக்குப் பின் அவரும் உள்ளே இருப்பார். வெளியேறும்போது அட்டவணையில் வரிசையை நீக்கிவிட்டு, குக்கியை மேக்ஸ்-ஏஜ்=0 என்று அனுப்புங்கள். பாதையும் டொமைனும் வைத்தபோது இருந்தது போலவே இருக்க வேண்டும். பாதை மாறினால் பிரவுசருக்கு அது வேறு குக்கி, பழையது அப்படியே கிடக்கும்.

உள்சேமிப்பில் டோக்கன்

ஜேடபிள்யூடி என்ற கையொப்பமிட்ட டோக்கனைப் பிரவுசரின் உள்சேமிப்பான லோக்கல்ஸ்டோரேஜில் வைக்கும் வழி, பயிற்சி வகுப்புகளில் அதிகம் சொல்லித் தரப்படுகிறது. தனி ஆப்பும் தளமும் ஒரே சர்வரோடு பேசும் பெரிய அமைப்புகளில் அதற்கு இடம் உண்டு. தங்குமிடத் தளத்துக்கு வேண்டாம் என்பதற்கு ஒரு காரணமே போதும்: லோக்கல்ஸ்டோரேஜைப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் படிக்கும். வரைபடம், அரட்டைப் பெட்டி, விளம்பரக் கணக்கு என்று மூன்று வெளி ஸ்கிரிப்ட் ஒட்டியிருந்தால் மூன்றும் படிக்கும். எச்டிடிபிஒன்லி குக்கியை அவை தொட முடியாது. கையொப்பமிட்ட குக்கிக்குச் சொன்ன வெளியேற்றச் சிக்கல் இதற்கும் அப்படியே பொருந்தும். ஆப்பிள் கைபேசியில் இன்னொன்று: 7 நாள் அந்தத் தளத்தைப் பயன்படுத்தாமல் இருந்தால் ஸ்கிரிப்ட் எழுதிய சேமிப்பைச் சஃபாரி துடைத்துவிடும்.

பணம் கட்டிவிட்டுத் திரும்பும் இடம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் குக்கி சோதிக்கப்படுவது இங்கேதான். விருந்தினர் பணம் கட்ட வேறு தளத்துக்குப் போகிறார். கட்டி முடித்ததும் சில கட்டணச் சேவைகள் அவரை உங்கள் தளத்துக்குப் போஸ்ட் முறையில் (படிவத்தை அனுப்புவது போல) திருப்பி அனுப்பும். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்வது சேம்சைட். சேம்சைட்=லாக்ஸ் என்றால், வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடு குக்கி வராது. கெட் முறையில் (இணைப்பைத் தட்டித் திறப்பது போல) வந்தால் வரும். ஸ்ட்ரிக்ட் என்றால் எதிலும் வராது.

இதை மறைத்துவிடும் ஒரு சலுகை குரோமில் இருக்கிறது. 2020ல் சேம்சைட் குறிப்பிடாத குக்கிகளை லாக்ஸாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியபோது, அவற்றில் வைத்து 2 நிமிடம் ஆகாத குக்கியை மட்டும் போஸ்ட்டோடு அனுப்ப விட்டார்கள். விளைவு என்ன? தளம் கட்டியவர் சோதிக்கும்போது அறையைத் தட்டி, பெயர் தட்டி, ஒரே நிமிடத்தில் சோதனைக் கட்டணம் கட்டித் திரும்பிவிடுகிறார், எல்லாம் ஓடுகிறது. உண்மையான விருந்தினர் வீட்டில் கேட்டு, தேதி பேசி, ஓடிபிக்குக் காத்திருந்து ஐந்து நிமிடம் கழித்துத் திரும்புகிறார், குக்கி வரவில்லை. பணம் போயிற்று, பதிவைக் காணோம்.

அடுத்து நடப்பது அதைவிடக் கெடுதல். குக்கி வராத கோரிக்கைக்கு உடனே புதுச் செஷன் தொடங்கி, புது எண்ணை அதே பெயரில் வைக்கும் கோடு பரவலாக இருக்கிறது. அது பிரவுசரில் பத்திரமாக இருந்த பழைய எண்ணை மேலெழுதி அழித்துவிடும். குக்கி உண்மையில் தொலைவது இந்த நொடியில்தான், அதற்குமுன் அது வெறுமனே வராமல் இருந்தது.

சரியான அமைப்பு இது. பதிவு எண்ணைக் கட்டணச் சேவைக்கு அனுப்புங்கள், அவர்கள் அதைத் திருப்பித் தருவார்கள். திரும்பும் முகவரியில் செஷனைத் தேடவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம். வந்த பதிவு எண்ணையும் சேவையின் கையொப்பத்தையும் சரிபார்த்து, டேட்டாபேஸில் பணம் வந்ததாகக் குறித்துவிட்டு, 303 குறியோடு (வேறு முகவரியைக் கெட் முறையில் திற என்று பிரவுசருக்குச் சொல்லும் பதில்) ரசீதுப் பக்கத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கம் கெட் முறையில் திறப்பதால் லாக்ஸ் குக்கி வந்துவிடும், பழைய செஷன் அப்படியே கிடைக்கும். செஷன் குக்கியையே சேம்சைட்=நன் ஆக்கிவிடுவது குறுக்குவழி. செக்யூரும் சேர்த்துப் போட்டால் ஓடும்தான், ஆனால் வெளித்தளம் எதுவும் உங்கள் விருந்தினர் பெயரில் கோரிக்கை அனுப்பக் கதவு திறந்துவிடுகிறது. வேண்டாம்.

அதோடு, கட்டணச் சேவையின் சர்வரே உங்கள் சர்வருக்கு நேராகச் சொல்லும் வெப்ஹுக்கைக் கட்டாயம் இணையுங்கள். வளைவில் சிக்னல் போன கைபேசி திரும்பி வராமலே போகலாம். பணம் வந்ததா என்பதற்குப் பிரவுசரை மட்டும் நம்புவது மலைப்பாதையில் நிற்காது.

இன்ஸ்டாகிராமில் பார்த்து வருகிறவர்கள் ஆப்புக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் பதிவைத் தொடங்குவார்கள். அதன் குக்கிகள் தனி, குரோமின் குக்கிகள் தனி. இடையில் பிரவுசர் மாறினால் எந்தக் குக்கி முறையும் உதவாது. பதிவு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பி, எண்ணும் கைபேசியும் கொடுத்துத் தொடர வழி வைப்பதுதான் மருந்து.

சின்னச் சின்னத் தவறுகள்

பாத் கொடுக்காமல் விட்டால், குக்கி வைத்த பக்கத்தின் அடைவே பாதையாகிவிடும். /பதிவு/அறை என்ற முகவரியில் வைத்த குக்கி /பதிவு என்பதற்குக் கீழே மட்டும் வரும், /கட்டணம் பக்கத்துக்கு வராது. எப்போதும் பாத்=/ எழுதுங்கள்.

டொமைன் எழுதாமல் விடுவது நல்லது, குக்கி அந்த ஒரே ஹோஸ்டுக்கு மட்டும் போகும். ஆனால் டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் வெவ்வேறு ஹோஸ்ட். அச்சடித்த அட்டையில் ஒன்று, கூகுள் மேப்பில் இன்னொன்று என்று இருந்தால் பாதி வழியில் செஷன் காணாமல் போகும். ஒன்றை மற்றொன்றுக்கு 301 (நிரந்தரத் திருப்பல்) மூலம் திருப்பிவிடுங்கள். இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் குக்கிப் பெயரை __ஹோஸ்ட்- என்று தொடங்குங்கள். செக்யூர் இல்லாமலோ, டொமைனோடோ, பாத்=/ இல்லாமலோ வந்தால் பிரவுசரே அதை ஏற்காது.

செக்யூர் போட்ட குக்கியைச் சொந்தக் கணினியில் லோக்கல்ஹோஸ்டில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஏற்கும், சஃபாரி ஏற்காது. அதையே வைஃபை வழியாகக் கைபேசியில் 192.168 என்று தொடங்கும் முகவரியில் எச்டிடிபியில் திறந்தால் எந்தப் பிரவுசரும் சேமிக்காது. "கணினியில் ஓடுது, போனில் ஓடலை" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். போர்ட் எண் குக்கிகளைப் பிரிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 3000ல் ஒரு தளமும் 8000ல் இன்னொன்றும் ஓடினால் இரண்டுக்கும் ஒரே குக்கிப் பெட்டி. இரண்டிலும் செஷன் என்றே பெயர் வைத்திருந்தால் ஒன்றில் லாகின் ஆனதும் மற்றதில் வெளியேறிவிடுவீர்கள்.

யாருக்கு எது

அறைப் படங்களும் தொலைபேசி எண்ணும் மட்டும் உள்ள அறிமுகத் தளத்துக்கு மொழிக் குக்கி ஒன்று போதும், செஷனே வேண்டாம். கொலுசுப் பட்டறையில் லாகின் இல்லாமல் விலைக் கணிப்பு மட்டும் தருகிறார்கள் என்றால், 15 நிமிடக் காலாவதியோடு கையொப்பமிட்ட குக்கி எடுங்கள், சர்வரில் எதையும் சேமிக்க வேண்டியதில்லை. பதிவு, பணம், மேலாளர் லாகின் மூன்றும் உள்ள தங்குமிடத்துக்குச் செஷன் எண்ணும் எஸ்க்யூலைட்டும். கிளைகள் பெருகிச் சர்வர் இரண்டாகும்போது, அட்டவணையைப் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வருக்கு மாற்றினால் போதும், குக்கியில் ஒரு வரியும் மாறாது.

பைத்தானின் எச்டிடிபி.சர்வர் கற்கவும் சோதிக்கவும் மட்டும்தான். இணையத்தில் திறக்கும்போது தகுந்த சர்வரில் ஏற்றி, முன்னால் கேடி அல்லது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்து எச்டிடிபிஎஸ் கொடுங்கள்.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. குரோமில் டெவலப்பர் கருவியின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, தமிழில் நீளமான பெயரோடு பதிவைத் தொடங்குங்கள். கட்டணப் பக்கத்தில் மூன்று நிமிடம் சும்மா இருங்கள். அந்த நேரத்தில் சர்வரை ஒரு முறை நிறுத்தித் தொடங்குங்கள். பிறகு பணம் கட்டித் திரும்புங்கள். ரசீதுப் பக்கத்தில் பெயர் முழுதாக வந்து, முதல் பக்கத்தில் இருந்த அதே செஷன் எண் அப்போதும் இருந்தால் தளத்தைத் திறக்கலாம். இல்லையென்றால் அந்தக் கோரிக்கையின் குக்கிப் பகுதியைப் பாருங்கள். தடுக்கப்பட்ட குக்கிக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறி இருக்கும், அதன்மேல் சுட்டியை வைத்தால் தடுத்த காரணத்தைக் குரோமே சொல்லும்.